பதின்மூன்றாம் வார்டின் பிள்ளை

மைக்கேல் மேடிகன் ஆளுநர் தேர்தலில் ஒருமுறைகூட நின்றதில்லை. வாஷிங்டனுக்குப் போக முயன்றதும் இல்லை. இல்லினாய் மாநிலப் பிரதிநிதிகள் சபையில் உள்ள 118 இடங்களில் ஒன்று அவருடையது, அவ்வளவுதான். சிகாகோவின் தென்மேற்கில், மிட்வே விமான நிலையத்தை ஒட்டிய தெருக்கள். சுமார் ஒரு லட்சம் பேர் வசிக்கும் தொகுதி. அந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒன்றே கால் கோடி மக்கள் வாழும் மாநிலத்தின் சட்டசபையை 36 வருடம் தன் பிடியில் வைத்திருந்தார். அவர் சபாநாயகராக இருந்த காலத்தில் ஏழு ஆளுநர்கள் வந்தார்கள். அதில் இரண்டு பேர் பிற்பாடு சிறைக்குப் போனார்கள். சபாநாயகர் மட்டும் அப்படியே இருந்தார்.

இல்லினாய்க்குக் குடிவந்த புதிதில் எனக்கு இந்தப் பெயர் தெரியாது. ஒபாமா தெரியும், ஊழலில் சிக்கிய ஆளுநர் பிளகோயெவிச் தெரியும், அதோடு சரி. ஆனால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் மேடிகனில் வந்து முடியும். வரி உயர்ந்தால் மேடிகன், ஓய்வூதிய நிதி காலியானால் மேடிகன், ஒரு மசோதா காணாமல் போனால் மேடிகன். ஒரு தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்க அரசியல் குடும்பங்கள் என்றால் பண்ணை வீடும் பாய்மரப் படகும் வைத்திருக்கும் பணக்கார வம்சங்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மேடிகன் குடும்பம் அந்த ரகம் இல்லை. இந்த வீட்டில் அப்பா பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போனது ஒரு தொழில்.

அப்பாவின் பெயரும் மைக்கேல்தான். பதின்மூன்றாம் வார்டின் கண்காணிப்பாளர். குப்பை அள்ளுவது, பனி தள்ளுவது, தெரு பெருக்குவது ஆகியவற்றுக்குப் பொறுப்பான மாநகராட்சி வேலை. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அன்றைய சிகாகோவில் குப்பை லாரியும் கட்சியும் ஒன்றுதான். லாரியில் யாருக்கு வேலை என்பதைக் கட்சி தீர்மானிக்கும். வேலை கிடைத்தவர் தேர்தல் நேரத்தில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார். ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. பிரிசிங்க்ட் கேப்டன் என்பார்கள். எந்த வீட்டில் யார், யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த மரக்கிளை மின்கம்பியில் உரசுகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கிளையை வெட்ட ஆள் அனுப்புவார். நவம்பரில் ஓட்டுக்கு வருவார். இந்த ஏற்பாட்டின் உச்சியில் இருந்தவர் மேயர் ரிச்சர்ட் ஜே. டேலி, 1955 முதல் 1976-இல் சாகும்வரை. அப்பா மேடிகன் அவருக்கு நண்பர்.

மகன் 1942-இல் பிறந்தார். ஜெசுவிட் பள்ளி, நோட்டர்டேம் பல்கலைக்கழகம், அப்புறம் லயோலா பல்கலைக்கழகத்தில் சட்டம். படிக்கும்போதே மாநகராட்சியில் வேலை, டேலியின் நிழல். அப்பா இறந்து சில வருடங்களில், 1969-இல், 27 வயதில் வார்டின் ஜனநாயகக் கட்சிக் கமிட்டிமேன் ஆனார். இது அரசுப் பதவி இல்லை, கட்சிப் பதவி. ஆனால் வார்டில் யாருக்கு எது கிடைக்கும் என்பது இந்த நாற்காலியில்தான் முடிவாகும். அவருடைய வாழ்க்கையில் மிக முக்கியமான பதவி சபாநாயகர் பதவி இல்லை, இதுதான் என்பது என் எண்ணம். சபாநாயகர் நாற்காலி ஒருமுறை கைநழுவிப் போனது, திரும்பி வந்தது. அது கடைசியாகப் போன பிறகும் இது அவர் கையில் இருந்தது.

அதே 1969-இல் இன்னொன்றும் நடந்தது. மாநிலத்துக்குப் புது அரசியல் சாசனம் எழுத ஒரு பேரவை கூட்டப்பட்டது. அதற்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல். மேடிகன் ஜெயித்தார். மேயரின் மகன் ரிச்சர்ட் எம். டேலியும் ஜெயித்தார். இந்த மகன் டேலிதான் பின்னாளில் 22 வருடம் மேயராக இருந்தார். அதே தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்ற ஒருவர் இருக்கிறார், மைக்கேல் ஷேக்மன் என்ற வழக்கறிஞர். அரசுச் சம்பளம் வாங்கும் கட்சித் தொண்டர் படையோடு தனியாள் எப்படிப் போட்டி போடுவது என்று அவர் நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில் 1972-லும் 1983-லும் வந்த உத்தரவுகள், கட்சி விசுவாசத்தைப் பார்த்து அரசு வேலை கொடுப்பதையும் பறிப்பதையும் பெருமளவு தடை செய்தன. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு மின்சாரக் கம்பெனி கதைக்கு வரும்போது தேவைப்படும்.

1970 நவம்பரில் மாநிலச் சபைக்குத் தேர்வானார், 1971 ஜனவரியில் பதவியேற்றார். அப்போது சபை வேறு மாதிரி இருந்தது. 59 தொகுதிகள், தொகுதிக்கு மூன்று பேர், ஆக 177 உறுப்பினர்கள். ஒரு வாக்காளர் தன் மூன்று ஓட்டையும் ஒரே ஆளுக்குப் போடலாம். அதனால் சிகாகோவிலிருந்துகூடச் சில குடியரசுக் கட்சிக்காரர்கள் ஜெயித்து வருவார்கள், கிராமப்புறத்திலிருந்து சில ஜனநாயகக் கட்சிக்காரர்கள் வருவார்கள். இரண்டு கட்சியிலும் தலைமைக்கு அடங்காத தனிப்பிறவிகள் தப்பிப் பிழைக்க இடம் இருந்தது.

1978 தேர்தல் முடிந்த கையோடு உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தைத் தாங்களே தாராளமாக உயர்த்திக்கொண்டார்கள். மக்களுக்குக் கடுங்கோபம். அந்தக் கோபத்தைக் கையில் எடுத்தவர் பாட் குவின் என்ற இளைஞர். கையெழுத்து இயக்கம் நடத்தி, 1980-இல் அரசியல் சாசனத்தைத் திருத்தவைத்தார். உறுப்பினர் எண்ணிக்கை 177-இலிருந்து 118 ஆனது. தொகுதிக்கு ஒருவர் மட்டும். பணம் மிச்சம், பொறுப்பு தெளிவு என்றார்கள். நடந்தது என்ன? ஒற்றை உறுப்பினர் தொகுதியில் ஜெயிக்கப் பணம் வேண்டும், தொண்டர் வேண்டும், சாதகமான தொகுதி எல்லை வேண்டும். மூன்றையும் தரக்கூடியவர் கட்சித் தலைவர். சீர்திருத்தக்காரர் திறந்துவிட்ட கதவு வழியாக உள்ளே நுழைந்தவர் மேடிகன். குவின் பிற்பாடு ஆளுநராகவே ஆனார். அவருடைய வீட்டோவை மேடிகனின் சபை தூக்கி எறிந்த கதை பின்னால் வருகிறது.

தொகுதி எல்லை விஷயம் இன்னும் சுவாரசியமானது. எல்லை வரைவதில் இரண்டு கட்சிக்கும் உடன்பாடு வராவிட்டால், ஒரு கமிஷன். அதிலும் இழுபறி என்றால், இரண்டு கட்சிக்கும் தலா ஒரு பெயர் எழுதிச் சீட்டுக் குலுக்கல். கேலிக்காகச் சொல்லவில்லை, அரசியல் சாசனமே இப்படித்தான் சொல்கிறது. இழுபறி இருந்தால் சமரசத்துக்கு வருவார்கள் என்று சாசனம் எழுதியவர்கள் நம்பினார்களாம். 1981, 1991, 2001 என மூன்று முறையும் யாரும் சமரசத்துக்கு வரவில்லை. எல்லோரும் குலுக்கலுக்கே போனார்கள். 1981-இல் லிங்கன் அணிந்த மாதிரி உயரமான தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமாக விழுந்தது. புது வரைபடம், புது சபை, 1983 ஜனவரியில் சபாநாயகர் மேடிகன். 1991 குலுக்கலில் குடியரசுக் கட்சிக்கு அதிர்ஷ்டம். 1994 தேர்தலில் அவர் பதவி போயிற்று. ஆனால் எதிராளி வரைந்த அதே வரைபடத்தை வைத்துக்கொண்டே 1996-இல் ஜெயித்து 1997-இல் திரும்பி வந்தார். அவருடைய திறமைக்கு அதைவிடப் பெரிய சான்று கிடையாது. 2001 குலுக்கல் மறுபடி அவர் பக்கம். 2017-இல், தென் கரோலினாவின் சாலமன் பிளாட் வைத்திருந்த சாதனையைத் தாண்டி, அமெரிக்க வரலாற்றிலேயே அதிக காலம் இருந்த சபாநாயகர் ஆனார்.

தொப்பியும் சீட்டும் பதவிக்கு வழி. பதவியில் இருந்துகொண்டு என்ன செய்தார்? பெரும்பாலும், விஷயங்களை நடக்க விடாமல் வைத்திருந்தார். சபைக்கு வரும் மசோதா எல்லாம் முதலில் ரூல்ஸ் கமிட்டிக்குப் போகும். அங்கே பெரும்பான்மை சபாநாயகரின் ஆட்கள். அவருக்குப் பிடிக்காத மசோதாவுக்கு எதிராக யாரும் ஓட்டுப் போட வேண்டிய அவசியம் இல்லை; அது வெளியே வராது, அவ்வளவுதான். யார் எந்தக் கமிட்டிக்குத் தலைவர், யாருக்குக் கூடுதல் படி, யாருடைய தொகுதிக்குத் தேர்தலில் ஆள் அனுப்புவது, எல்லாம் ஒரே மேசையில். 1998-இலிருந்து மாநில ஜனநாயகக் கட்சித் தலைவரும் அவரே. இக்கட்டான ஓட்டெடுப்புகளில், பலவீனமான தொகுதிக்காரரை "இல்லை" என்று போடச் சொல்லிக் காப்பாற்றுவார், பலமான தொகுதிக்காரரிடம் "ஆம்" வாங்கிக்கொள்வார். கட்சிக்காரர்கள் அவரிடம் விசுவாசமாக இருந்ததற்குப் பயம் பாதி காரணம் என்றால், இந்தப் பாதுகாப்பு மீதி.

1988 ஜூன் 30 இரவு நடந்ததை இங்கே இன்றும் கதையாகச் சொல்வார்கள். வொயிட் சாக்ஸ் பேஸ்பால் அணி புது மைதானம் கேட்டது, இல்லாவிட்டால் ஃபுளோரிடாவுக்குப் போய்விடுவதாக மிரட்டியது. அரசுப் பணத்தில் மைதானம் கட்டும் மசோதாவை நள்ளிரவுக்குள் நிறைவேற்ற வேண்டும். தாண்டினால் சாதாரணப் பெரும்பான்மை போதாது, ஐந்தில் மூன்று பங்கு வேண்டும். குடியரசுக் கட்சி ஆளுநர் ஜிம் தாம்சன் சபைக்குள்ளேயே வந்து ஒவ்வொருவராகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். நேரம் நள்ளிரவைத் தாண்டிவிட்டது, ஆனால் சபையின் கணக்கில் தாண்டவில்லை. 60-க்கு 55. நிறைவேறிய நேரம் 11:59 என்று பதிவானது. தலைமை நாற்காலியின் அதிகாரம் என்ன என்று கேட்டால் நான் இந்த ஒரு நிமிடத்தைத்தான் காட்டுவேன்.

ஆள் பார்க்க எப்படி? ஒல்லி, அமைதி, கத்திப் பேசமாட்டார், பத்திரிகையாளர்களிடம் அதிகம் பேசமாட்டார். மதியச் சாப்பாடு ஒரு ஆப்பிள், நறுக்கித் தின்பார் என்பது மாநிலத் தலைநகரான ஸ்ப்ரிங்ஃபீல்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஈமெயில் வைத்துக்கொள்ளாதவர் என்பதும் அப்படித்தான். வெல்வெட் சுத்தியல் என்று பட்டப்பெயர். பதவியில் இருந்தவரை அதே பழைய வார்டில்தான் வீடு.

பணம் வந்தது வேறு வழியில். இங்கே சட்டமன்ற உறுப்பினர் வெளியே தொழில் செய்யலாம். மேடிகன் 1970-களின் தொடக்கத்தில் ஒரு நண்பரோடு சேர்ந்து சட்ட நிறுவனம் ஆரம்பித்தார். வேலை: சொத்து வரி மேல்முறையீடு. எனக்கு இதன் அர்த்தம் புரிந்தது, சிகாகோ அடங்கிய குக் கவுண்டியில் வீடு வாங்கிய பிறகுதான். வீட்டின் மதிப்பை அரசு தானே கணக்குப் போட்டு ஒரு நோட்டீஸ் அனுப்பும். மதிப்பு அதிகம் என்று நினைத்தால் முறையிடலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி நானும் ஒரு படிவம் நிரப்பினேன், கொஞ்சம் குறைந்தது. எனக்குக் குறைந்தது ஒரு மாத மளிகைச் செலவு. நகர மையத்தில் ஐம்பது மாடி வைத்திருப்பவருக்குக் குறைவது லட்சக்கணக்கான டாலர். அந்த ஐம்பது மாடிக்காரர்கள் போய் நின்றது சபாநாயகரின் நிறுவனத்தில். வரிச் சட்டம் எழுதும் சபையின் தலைவர், அந்த வரியைக் குறைத்துத் தரும் வக்கீலும்கூட. இதில் சட்டவிரோதம் ஏதும் இல்லை என்பதுதான் என்னை அசர வைத்தது. அவர் மட்டும் இல்லை, சிகாகோ மாநகராட்சியில் அரை நூற்றாண்டுக்கு மேல் கவுன்சிலராக இருந்த எட் பர்க்கும் இதே தொழில்தான் செய்தார். அவரும் அப்பாவின் இடத்துக்கு வந்த பிள்ளை. மனைவி ஆன் பர்க் மாநில உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவே இருந்தவர். எட் பர்க்கை 2023-இல் ஊழல் வழக்கில் குற்றவாளி என்று தீர்த்தார்கள், இரண்டு வருடச் சிறை.

குடும்பம் என்றால் இந்த ஊரில் எப்படிப் பின்னிக்கிடக்கிறது என்பதற்கு 2009 நல்ல உதாரணம். ஆளுநர் பிளகோயெவிச்சைப் பதவிநீக்கம் செய்யச் சபை இரண்டு முறை ஓட்டுப் போட்டது, ஏனென்றால் நடுவில் புதிய சபை பதவியேற்றது. இரண்டாவது ஓட்டெடுப்பில் 117-க்கு 1. அந்த ஒரே ஒரு எதிர்ப்பு ஓட்டு டெபோரா மெல். ஆளுநரின் மனைவியுடைய தங்கை. அவர்களுடைய அப்பா டிக் மெல் சிகாகோவில் வார்டு பெரியவர். பிளகோயெவிச்சை அரசியலுக்குக் கொண்டுவந்ததே அந்த மாமனார்தான். அப்பா விலகிய பிறகு மாநகராட்சியில் அவர் இடத்துக்கு டெபோரா நியமிக்கப்பட்டார். யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

இனி மகள். மேடிகன் 1976-இல் ஷெர்லியை மணந்தார். ஷெர்லிக்கு ஏற்கெனவே ஒரு பெண் குழந்தை, லிசா. மேடிகன் பிற்பாடு லிசாவைச் சட்டப்படி தத்தெடுத்துக்கொண்டார். லிசா 1998-இல் மாநில செனட்டுக்குத் தேர்வானார், 2002-இல் அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) தேர்தலில் குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தார். அப்பாவின் படையும் பணமும் இல்லாமல் அந்த முதல் வெற்றிகள் கிடைத்திருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அப்புறம் அவர் தன் பெயரைத் தானே சம்பாதித்துக்கொண்டார். வீட்டுக் கடன் நிறுவனங்களோடு வழக்காடினார், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நேரில் நின்று வாதாடினார், நான்கு முறை தொடர்ந்து ஜெயித்தார். 2013-இல் ஆளுநர் பதவிக்கு நிற்பார், நின்றால் ஜெயிப்பார் என்று பேச்சு. பணமும் சேர்ந்திருந்தது.

அந்த ஜூலையில் அறிக்கை விட்டார்: நிற்கப்போவதில்லை. ஆளுநரும் சபாநாயகரும் ஒரே குடும்பத்திலிருந்து வருவது மாநிலத்துக்கு நல்லதில்லை என்றார். அப்படி ஒரு நிலை வந்தால் போட்டியிடுவதாகத் தான் ஒருபோதும் நினைத்ததில்லை என்றும் சொன்னார். அதாவது, அப்பா ஓய்வுபெறுவார் என்று எதிர்பார்த்தார், அப்பா நகரவில்லை. அப்போது மேடிகனுக்கு 71 வயது, சபாநாயகராக இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. அரசியல் குடும்பங்களைப் பற்றிப் பேசும்போது பிள்ளைக்காக அப்பா எதையும் செய்வார் என்று ஒரு கணக்கு உண்டு. இந்த அப்பா தன் மகளை மாநிலத்தின் முதல் பெண் ஆளுநராக்கும் வாய்ப்பை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். இதற்கு அவர் பொதுவில் பெரிதாக விளக்கம் தந்ததில்லை. என் ஊகம் எளிமையானது. அவருக்கு வாரிசு என்பது மகள் இல்லை, வார்டு. லிசா 2019-இல் பதவியை விட்டு ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் சேர்ந்தார்.

லிசா விலகிய இடத்தில் 2014-இல் குவின் தோற்றார். ஜெயித்தவர் புரூஸ் ரௌனர், முதலீட்டுத் தொழிலில் கோடிகள் சேர்த்த குடியரசுக் கட்சிக்காரர். அவர் எதிர்த்தது கட்சியைவிட மேடிகனைத்தான். தொழிற்சங்கங்களை ஒடுக்கும் தன் திட்டங்களை ஏற்றால்தான் பட்ஜெட் என்றார். மேடிகன் மாட்டேன் என்றார். 2015 ஜூலை முதல் இரண்டு வருடத்துக்கு மேல் மாநிலத்துக்கு முழு பட்ஜெட் கிடையாது. கொடுக்காமல் நின்ற பில்கள் 1,500 கோடி டாலரைத் தொட்டன. அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆட்குறைப்பு, சமூக சேவை அமைப்புகளில் சேவைக் குறைப்பு. மாநிலத்தின் கடன் தரம், முதலீட்டுக்குத் தகாத "குப்பை" தரத்துக்கு ஒரு படி மேலே. 2017 ஜூலை 6-ஆம் தேதி வருமான வரியை 3.75-இலிருந்து 4.95 சதவீதமாக்கும் மசோதாவை, ஆளுநரின் வீட்டோவை மீறி, 71-க்கு 42 என்று நிறைவேற்றினார்கள். ரௌனர் கட்சியிலிருந்தே சிலர் மேடிகனோடு ஓட்டுப் போட்டார்கள். சண்டையில் மேடிகன் ஜெயித்தார். இந்த மோதலில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், தொழிற்சங்க விஷயத்தில் நான் மேடிகன் பக்கம்தான். ஆனால் இரண்டு கிழட்டுப் பிடிவாதங்களுக்கு நடுவில் முதியோர் பராமரிப்பு மையங்கள் நசுங்கியதை மறக்க முடியவில்லை.

அவருடைய சொந்தக் கோட்டையோ உள்ளுக்குள் மாறிக்கொண்டிருந்தது. ஐரிஷ், போலிஷ் குடும்பங்கள் வசித்த தெருக்களில் மெக்சிகோ வம்சாவளியினர் பெரும்பான்மை ஆகிவிட்டார்கள். 2016 உட்கட்சித் தேர்தலில் கொன்சாலஸ் என்ற போட்டியாளர் நின்றார். கூடவே ஸ்பானியப் பெயர் கொண்ட இன்னும் இரண்டு பேர் நின்றார்கள், பிரசாரமே செய்யாமல். ஓட்டைப் பிரிக்கச் சபாநாயகர் நிறுத்திய பொம்மைகள் என்று கொன்சாலஸ் வழக்குப் போட்டார். நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. 2019 மாநகராட்சித் தேர்தலில் நடந்தது அதைவிடக் கூத்து. வார்டின் கவுன்சிலர் மேடிகனின் ஆள். அவரை எதிர்த்து 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் நின்றார். வேட்புமனுவுக்கு 1,700 கையெழுத்துக்கு மேல் வாங்கிக் கொடுத்தார். கவுன்சிலர் தரப்பு, "நான் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்" என்று கிட்டத்தட்ட 2,800 பிரமாணப் பத்திரங்களைக் கொண்டுவந்து அடுக்கியது! கையெழுத்துப் போட்டவர்களைவிட அதை வாபஸ் வாங்கியவர்கள் அதிகம். ஒப்பிட்டுப் பார்த்ததில் பொருந்தியது 200-க்கும் குறைவு. மாணவர் போட்டியில் நின்றார், தோற்றார். ஒரு மாணவரை வீழ்த்த இவ்வளவு உழைப்பு எதற்கு என்று கேட்டால் அந்த வார்டில் உங்களை விநோதமாகப் பார்த்திருப்பார்கள்.

இப்போது மின்சாரக் கம்பெனி. வட இல்லினாய்க்கு மின்சாரம் தரும் காம்எட் நிறுவனம் 2000-களின் நடுவில் சட்டசபையோடு முட்டிக்கொண்டு திண்டாடியது. 2011-இல் ஸ்மார்ட் மீட்டர் போடுவதற்கும், கட்டணத்தை ஒரு சூத்திரப்படி நிர்ணயித்துக்கொள்வதற்கும் அதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. ஆளுநர் குவின் வீட்டோ செய்தார். சட்டசபை அதை மீறி நிறைவேற்றியது. 2016-இல் இன்னொரு பெரிய எரிசக்திச் சட்டம். இந்தக் காலம் முழுவதும் கம்பெனி என்ன செய்தது என்பதை 2020 ஜூலையில் அதுவே ஒப்புக்கொண்டது. மேடிகனின் ஆட்களுக்கு வேலையும் துணை ஒப்பந்தமும் கொடுத்திருக்கிறது. வேலை எதுவும் பெரிதாகச் செய்யாதவர்களுக்கு 13 லட்சம் டாலருக்கு மேல் போயிருக்கிறது. கோடை விடுமுறைப் பயிற்சி இடங்களில் பதின்மூன்றாம் வார்டுப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கீடு. அபராதம் 20 கோடி டாலர்.

காசு வாங்கியவர்கள் யார் என்று பார்த்தால் பழைய கவுன்சிலர், கதவு தட்டுவதில் பேர்போன பிரிசிங்க்ட் கேப்டன், இப்படித்தான். இந்தக் காம்எட் பணத்தில் மேடிகன் பையில் ஒரு டாலர் போனதாகக் குற்றச்சாட்டே இல்லை. ஷேக்மன் உத்தரவுகளுக்குப் பிறகு மாநகராட்சியில் ஆள் போட முடியாது. கதவு தட்டுகிறவனுக்கோ கூலி வேண்டும். அப்பா காலத்தில் குப்பை லாரி தந்த கூலியை, மகன் காலத்தில் ஒரு தனியார் கம்பெனி தந்தது. வழக்கு ஆவணங்களைப் படித்தபோது எனக்குத் தெரிந்த கோணம் இதுதான்: 1950-களின் வார்டு ஏற்பாடு, வேறு சம்பளப் பட்டியலில்.

நடுவில் நின்று இதை நடத்தியவர் மைக்கேல் மெக்லெய்ன், மேடிகனோடு சட்டசபையில் இருந்த பழைய நண்பர், பிறகு காம்எட்டுக்காகச் சட்டசபையில் ஆதரவு திரட்டும் லாபியிஸ்ட். சம்பளம் தருவது கம்பெனி, ஆனால் தன் உண்மையான வாடிக்கையாளர் மேடிகன்தான் என்று எழுதியவர். இன்னொரு கடிதத்தில், மேடிகன் குடும்பத்துக்காகத் துப்பாக்கியோடு பாலத்தில் காவல் நிற்பேன் என்கிறார். அவருடைய தொலைபேசியை எஃப்.பி.ஐ. ஒட்டுக்கேட்டது. ஈமெயில் வைத்துக்கொள்ளாத மனிதரின் பேச்சு நண்பரின் போன் வழியாகப் பதிவானது. போதாததற்கு டேனி சோலிஸ் என்ற கவுன்சிலர், தானே ஊழலில் மாட்டிக்கொண்டு, உடம்பில் ரகசியக் கருவியோடு மேடிகனை வந்து வந்து சந்தித்தார்.

வீழ்ச்சி முதலில் சபைக்குள் வந்தது. 2018-இல் அவருடைய அலுவலகத்தில் பெண்கள் துன்புறுத்தப்பட்ட புகார்களும் அவை கையாளப்பட்ட விதமும் வெளிவந்தன. அவருடைய நம்பிக்கைக்குரிய தலைமை அலுவலர் பதவி விலக வேண்டியிருந்தது. 2020-இல் காம்எட் ஒப்புதல். 2021 ஜனவரியில் சபாநாயகர் தேர்தல். 60 ஓட்டு வேண்டும். அவர் கட்சியில் 73 பேர். அதில் 19 பேர் போடமாட்டோம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள். கட்சிக் கூட்டத்தில் கிடைத்தது 51. கிறிஸ் வெல்ச் சபாநாயகர் ஆனார், இல்லினாயின் முதல் கறுப்பின சபாநாயகர். மேடிகன் பிப்ரவரியில் உறுப்பினர் பதவியையும் விட்டார். காலியான இடத்துக்கு யாரை நியமிப்பது? அது அந்தப் பகுதிக் கமிட்டிமேன்கள் கையில். ஆனால் எல்லோர் ஓட்டுக்கும் ஒரே எடை கிடையாது. பாதிக்கு மேற்பட்ட எடை யாருக்கு? கமிட்டிமேன் மேடிகனுக்கு. கவுன்சிலர் அலுவலகத்தில் வேலை பார்த்த 26 வயது இளைஞரை நியமித்தார். சில நாளிலேயே, நடத்தை சரியில்லை என்று புகார் வந்ததாகச் சொல்லி, அவரை விலகச் சொன்னார். இன்னொருவரை நியமித்தார்.

2022 மார்ச்சில் குற்றப்பத்திரிகை. 2024 ஏப்ரலில் தொடங்க வேண்டிய விசாரணை அக்டோபருக்குத் தள்ளிப்போனது. காரணம், பக்கத்து இந்தியானாவில் போர்டேஜ் என்ற ஊரின் மேயர் வழக்கு. குப்பை லாரி விற்ற கம்பெனியிடம் 13,000 டாலர் வாங்கிய அந்த மேயர், அது வேலை முடிந்த பிறகு தந்த சன்மானம், லஞ்சம் இல்லை என்றார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று ஒப்புக்கொண்டது: முன்பேசி வாங்கினால்தான் அந்தச் சட்டப்படி குற்றம். (குப்பை லாரிக்கு இந்தக் கதையை விட்டு விலக மனமே இல்லை போல.) ஆக, மேடிகன் வழக்கின் கேள்வி சுருங்கிப் போனது. ஆள் போடச் சொன்னதற்கும் சட்டம் நிறைவேறியதற்கும் முடிச்சு இருந்ததா?

82 வயதில் அவரே கூண்டில் ஏறினார். யாரும் எதிர்பார்க்கவில்லை. அன்பு காட்டாத அப்பாவைப் பற்றி, டேலியைப் பற்றி, வார்டைப் பற்றிப் பேசினார். உதவி கேட்டு வந்தவர்களுக்கு முடிந்ததைச் செய்தேன், பதிலுக்கு எதையும் வியாபாரம் பேசவில்லை என்றார். பேசியதால் ஒரு நஷ்டம். அதுவரை நீதிபதி அனுமதிக்காத ஒரு பதிவை அரசுத் தரப்பு போட்டுக்காட்ட வழி கிடைத்தது. அதில் சிலர் ஏகத்துக்கு வாரிச் சுருட்டிவிட்டதாகச் சொல்லி மெக்லெய்னோடு சிரிக்கிறார். ஜூரி பத்து நாளுக்கு மேல் விவாதித்தது. 2025 பிப்ரவரி 12-ஆம் தேதி தீர்ப்பு: 23 குற்றச்சாட்டில் 10 நிரூபணம், 7-இல் விடுதலை, 6-இல் ஜூரிக்குள் ஒத்த கருத்து இல்லை. தலையாய குற்றச்சாட்டான சதிக் கும்பல் நடத்தியது அந்த ஆறில் ஒன்று. காம்எட் விவகாரத்தில் பெரும்பகுதியும், சோலிஸுக்கு மாநில வாரியப் பதவி வாங்கித் தர முயன்றதும் நிரூபணமான பட்டியலில். 12 பேரின் இந்தக் குழப்பம் எனக்கு நேர்மையாகவே பட்டது. அவர் செய்ததில் எது ஊழல், எது சிகாகோ என்று பிரிப்பது அவர்களுக்கும் சுலபமாக இல்லை.

ஜூன் 13-ஆம் தேதி ஏழரை வருடச் சிறை, 25 லட்சம் டாலர் அபராதம். கூண்டில் அவர் பொய் சொன்னதாகவும் நீதிபதி ஜான் பிளேக்கி கடுமையாகச் சொன்னார். அக்டோபரில் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள மத்தியச் சிறை முகாமுக்குப் போனார்.

வெல்ச் பதவிக்கு வந்த கையோடு ஒரு விதி கொண்டுவந்தார்: சபாநாயகராக யாரும் பத்து வருடத்துக்கு மேல் இருக்க முடியாது. நல்ல விதிதான். ஆனால் அது சாசனத்தில் இல்லை, சபை விதிகளில் இருக்கிறது. சபை விதிகளை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதிதாக ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொள்கிறார்கள், வேண்டாம் என்றால் மாற்றிக்கொள்ளலாம். ரூல்ஸ் கமிட்டியும் இருக்கிறது, மசோதாக்கள் அங்கேதான் போகின்றன. வெல்ச்சின் பத்து வருடம் 2031 ஜனவரியில் முடியும். அப்போது அந்த விதி என்ன ஆகிறது என்று பார்க்கலாம்.